பெட்டி சுவரில், சார்ஜர் காருக்குள்

2023 மே மாதம் இந்திய மின்வாகனச் சந்தையில் வழக்கமில்லாத ஒன்று நடந்தது. ஸ்கூட்டர் விற்ற கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தன. ஓலா, ஏதர், டிவிஎஸ், ஹீரோவின் விடா என்று நான்கு பெயர்கள். அதில் மூன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வண்டி செய்பவை. ஓலாவின் ஆலை போச்சம்பள்ளியில் இருக்கிறது. ஏதரும் டிவிஎஸ்ஸும் ஓசூரில். மத்திய அரசின் ஃபேம்-2 மானியம் கிடைக்க அப்போது ஸ்கூட்டரின் ஆலை விலை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டியிருந்தது. வண்டியை அந்த வரம்புக்குள் நிறுத்திவிட்டு, சார்ஜர் போன்றவற்றைத் தனிப் பொருளாகக் காட்டித் தனியாகக் காசு வாங்கினார்கள் என்பது புகார். கனரகத் தொழில் அமைச்சகம் துருவத் தொடங்கியதும் கம்பெனிகள் இறங்கி வந்தன.

மானியக் கணக்கு அதோடு தீர்ந்தது. ஆனால் அந்தத் தகராறுக்குள் ஒரு நல்ல அறிவியல் கேள்வி இருந்தது. சார்ஜர் வண்டியின் உறுப்பா, வீட்டின் உறுப்பா?

ஸ்கூட்டருக்குப் பதில் எளிது. ஓலா ஸ்கூட்டரோடு வந்த 750 வாட் கறுப்புப் பெட்டி அசல் சார்ஜர்தான். வீட்டு பிளக்கில் வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை அது நேர்மின்சாரமாக்கி வண்டிக்கு அனுப்புகிறது. பேட்டரிக்கு நேர்மின்சாரம் மட்டுமே ஏறும் என்பதால், எங்கோ ஓரிடத்தில் இந்த மாற்றம் நடந்தாக வேண்டும்.

காரில் அந்த இடம் காருக்குள்ளேயே இருக்கிறது. பானெட்டுக்கு அடியிலோ பின்புறத்திலோ தகரப் பெட்டிக்குள் பூட்டிவைத்த ஆன்-போர்டு சார்ஜர்தான் மாற்றத்தைச் செய்கிறது. ஷோரூமில் 'ஹோம் சார்ஜர்' என்று காட்டிச் சுவரில் மாட்டச் சொல்லும் பெட்டி எதையும் சார்ஜ் செய்வதில்லை. கரண்டை விடலாமா, வேண்டாமா, விட்டால் எவ்வளவு என்று முடிவு செய்வது மட்டுமே அதன் வேலை. சிப்காட் தொழிற்பேட்டையில் மோட்டார் ஸ்டார்டர் பார்த்துப் பழகிய எலெக்ட்ரீஷியன் ஒருவர் அதைத் திறந்தால் உள்ளே இருப்பதில் பாதி அவருக்குத் தெரிந்ததாகவே இருக்கும்: ஒரு கான்டாக்டர், கரண்டை அளக்கும் வளையம், கசிவைப் பிடிக்கும் உணரி. மீதிப் பாதி, காரோடு பேசத் தெரிந்த ஒரு சிறிய சர்க்யூட் போர்டு.

அந்தப் பேச்சு அழகானது. இந்தியக் கார்களில் இன்று பரவலாக இருக்கும் டைப்-2 பிளக்கில் ஏழு முனைகள். ஜெர்மனியின் மென்னகெஸ் நிறுவனம் வடிவமைத்து, பிறகு ஐரோப்பா முழுவதற்கும் பொதுவாக ஏற்கப்பட்ட பிளக் இது. ஐந்து பெரிய முனைகளில் மூன்று பேஸும் நியூட்ரலும் எர்த்தும் போகின்றன. மிச்சமுள்ள இரண்டு சிறிய முனைகளில் ஒன்றுக்குப் பெயர் கண்ட்ரோல் பைலட். பெட்டி அதில் 12 வோல்ட் வைத்துக்கொண்டு காத்திருக்கும். பிளக்கைச் செருகியதும் காருக்குள் இருக்கும் மின்தடை அதை 9 வோல்ட்டாக இறக்கும். 'செருகிவிட்டார்கள்' என்று அர்த்தம். கார் தயாரானதும் இன்னொரு தடையைச் சேர்த்து 6 வோல்ட்டுக்கு இறக்கும். 'இப்போது விடு' என்று அர்த்தம். அதன் பிறகுதான் பெட்டிக்குள் 'டக்' என்று கான்டாக்டர் மூடும். அதுவரை கேபிளின் நுனியில் 230 வோல்ட் கிடையாது. மழையில் நனைந்த கையோடு பிளக்கைப் பிடித்தாலும் ஷாக் அடிக்காததற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான்.

எவ்வளவு கரண்ட் என்பதையும் அதே கம்பி சொல்லிவிடுகிறது. பைலட் சமிக்ஞை நொடிக்கு 1,000 முறை மேலும் கீழும் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீத நேரம் மேலே இருக்கிறது என்பதை 0.6 ஆல் பெருக்கினால் ஆம்பியர் வந்துவிடும். 53.3 சதவீதம் என்றால் 32 ஆம்பியர். 26.7 சதவீதம் என்றால் 16. கார் அந்த எண்ணைப் படித்து, அதற்கு மேல் இழுக்காமல் அடங்கி நடக்கும். இணையம் வேண்டாம், செயலி வேண்டாம். ஒரு கம்பியும் இரண்டு மூன்று மின்தடைகளும் போதும்.

காரோடு வரும் எடுத்துச்செல்லும் கேபிளின் நடுவே தொங்கும் சிறு பெட்டியும் இதே பேச்சைத்தான் பேசுகிறது. வீட்டில் ஏசிக்கோ கீசருக்கோ போட்ட 16 ஆம்பியர் மூன்று முனை பிளக்கில் அதைச் செருகினால் கார் சார்ஜ் ஆகிவிடும். அப்படியானால் சுவர்ப் பெட்டி எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை பெட்டியின் விளம்பரத் தாளில் கிடைக்காது. வீட்டு மீட்டர் போர்டிலும் காரின் ஓடோமீட்டரிலும் கிடைக்கும்.

முதலில் கார். 2022 செப்டம்பரில் வந்த டாடா டியாகோ இவி, 3.3 கிலோவாட் ஏற்கும் ரகமாகவும் 7.2 கிலோவாட் ஏற்கும் ரகமாகவும் விற்கப்பட்டது. 2023இல் வந்த எம்ஜி காமெட், 17.3 யூனிட் பேட்டரியும் 3.3 கிலோவாட் ஆன்-போர்டு சார்ஜரும் கொண்டது. இப்படி 3.3 மட்டுமே ஏற்கும் காருக்கு 7.2 கிலோவாட் பெட்டி வாங்கி மாட்டினால் பெட்டி '32 ஆம்பியர் எடுத்துக்கொள்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கார் தன்னால் முடிந்த 14, 15 ஆம்பியரை மட்டும் எடுத்துக்கொள்ளும். பெட்டி, கேபிள், கார் என்ற மூன்றில் எது சிறியதோ அதுதான் வேகம். 22 கிலோவாட் என்று அச்சிட்ட பெட்டிகளும் கடையில் உண்டு. அந்த அளவு மாறுதிசை மின்சாரத்தை ஏற்கும் கார் இந்தியச் சாலையில் அரிது. மஹிந்திரா 2024 நவம்பரில் பிஇ 6, எக்ஸ்இவி 9இ கார்களை அறிமுகப்படுத்தியபோது 7.2, 11.2 கிலோவாட் என்று இரண்டு வீட்டுப் பெட்டிகளை முன்வைத்தது. அந்தக் கார்களின் பேட்டரிகள் 59 யூனிட்டும் 79 யூனிட்டும் கொண்டவை. அந்த அளவுக்கு வந்தபிறகுதான் பெரிய பெட்டிக்கு ஒரு பொருள் இருக்கிறது.

அடுத்தது தூரம். இங்கேதான் பலரும் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 25 கிலோமீட்டருக்குள்தான். போய்வர 50; அத்திப்பள்ளி நெரிசலில் சுற்றி, மார்க்கெட் போய், பிள்ளையை டியூஷனில் விட்டாலும் 60. சின்ன மின்கார் ஒரு யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்தால் எட்டரை யூனிட். சார்ஜ் ஏறும்போது வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் ஒன்பதரை. 3.3 கிலோவாட்டில் அது மூன்று மணி நேர வேலை. வெறும் 10 ஆம்பியரில், அதாவது 2.3 கிலோவாட்டில் விட்டாலும் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். இரவு பத்து மணிக்குச் செருகினால் விடிகாலை இரண்டரைக்குள் முடிந்துவிடும். கார் அதற்குப் பிறகும் நான்கு மணி நேரம் சும்மா நிற்கும்.

கிருஷ்ணகிரிக்காரர் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கிருந்து ஓசூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர், அதுவும் மேட்டில். கிருஷ்ணகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓசூர் சுமார் 900. 1,600 கிலோ எடையை 400 மீட்டர் தூக்க இயற்பியல் கேட்கும் குறைந்தபட்சக் கூலி 1.7 யூனிட். மாலையில் சூளகிரி வழியாக இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும், முழுவதையும் தராது. போய்வர 100 கிலோமீட்டர் என்றால் தினமும் 16, 17 யூனிட் தேவைப்படும். 3.3 கிலோவாட்டில் ஐந்து மணி நேரம். இதுவும் ஒரு தூக்கத்துக்குள் அடங்குகிறது. 7.2 கிலோவாட் பெட்டி உண்மையிலேயே தேவைப்படுபவர் ஒரே நாளில் 200, 250 கிலோமீட்டர் ஓட்டி, இரவு தாமதமாக வந்து, காலையில் சீக்கிரம் மறுபடி கிளம்புபவர். வாடகைக் கார்காரர், விற்பனைப் பிரதிநிதி, இரண்டு மின்கார்களை ஒரே வாசலில் நிறுத்தும் குடும்பம். மற்றவர்களுக்கு அது ஆடம்பரம். ஆடம்பரம் தவறில்லை. ஆனால் அதன் விலை பெட்டியோடு நிற்பதில்லை.

ஏனென்றால் அடுத்த கேள்வி மீட்டர் போர்டில் காத்திருக்கிறது. தமிழ்நாட்டு மின் விநியோக விதிப்படி 4 கிலோவாட் வரைதான் சிங்கிள் பேஸ் இணைப்பு. அதற்கு மேல் போனால் மும்முனை மின்சாரத்துக்கு மாற வேண்டும். ஓசூரின் பழைய வீட்டுமனைகளில் சிங்கிள் பேஸ் வீடுகள் நிறைய. அந்த இணைப்பில் 7.2 கிலோவாட் பெட்டியை மாட்டுவது, ஒரு வீட்டுக்குக் கேட்டு வாங்கிய மின்சாரத்தில் இரண்டு வீடு நடத்துவதற்குச் சமம். ஈ.பி. ஆபீஸில் லோடை உயர்த்த விண்ணப்பித்து, மும்முனை மீட்டர் வாங்கி, மெயின் ஒயரையும் மாற்றிய பிறகு பெட்டியைப் பற்றி யோசிப்பதுதான் ஒழுங்கான வரிசை.

மும்முனை வீட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. 7.2 கிலோவாட் பெட்டிகள் பெரும்பாலும் சிங்கிள் பேஸ் பெட்டிகள். 32 ஆம்பியரையும் ஒரே பேஸிலிருந்து இழுப்பவை. 8 கிலோவாட் அனுமதி பெற்ற வீட்டில் அதை மூன்றாகப் பிரித்தால் ஒரு பேஸுக்கு 12 ஆம்பியர்கூட வராது. நம் வீடுகளில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒரு பேஸ் போய்விட்டால் பேஸ் சேஞ்சரைத் திருப்பி, ஏசி, மோட்டார், விளக்கு எல்லாவற்றையும் உயிரோடு இருக்கும் பேஸுக்குக் கொண்டுவந்துவிடுவோம். அந்த பேஸில் ஏற்கெனவே கார் 32 ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தால் மெயின் ஃபியூஸ் அன்றிரவே போகும். 11 கிலோவாட் மும்முனைப் பெட்டி இந்த வகையில் சாது: மூன்று பேஸிலும் 16 ஆம்பியர் வீதம் சமமாக எடுக்கும். ஆனால் காரும் மும்முனை ஏற்பதாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் ஒரு பேஸில் 16 ஆம்பியர் மட்டும்தான் கிடைக்கும், 3.7 கிலோவாட்டோடு சரி.

பெட்டி வாங்கும்போது ஆம்பியரைக் குறைத்து வைக்க முடியுமா என்று கேட்பது அதனால்தான் முக்கியம். 32 ஆம்பியர் பெட்டியை 16க்கோ 10க்கோ அமைக்க முடிந்தால் பிறகு லோடு கூடும்போது ஏற்றிக்கொள்ளலாம். இன்னும் கொஞ்சம் செலவழிக்கத் தயார் என்றால், மெயின் ஒயரில் ஒரு வளையத்தை மாட்டி வீட்டின் மொத்தக் கரண்டையும் பார்த்து, கீசர் ஓடும்போது காருக்குக் குறைத்து, அணைந்ததும் கூட்டும் பெட்டிகள் உண்டு. பைலட் கம்பியில் துடிப்பின் சதவீதத்தை மாற்றினால் போதும் என்பதால் இது பெரிய வித்தையும் இல்லை.

சரி, 16 ஆம்பியர் பிளக்கே போதும் என்று முடிவு செய்தவர் அந்த பிளக்கைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். கீசர் அதில் இருபது நிமிடம் ஓடும், மிக்சி ஐந்து நிமிடம். வீட்டு சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகள் இந்த மாதிரி வாழ்க்கைக்குப் பழகியவை. கார் அதே சாக்கெட்டில் 13 ஆம்பியரை ஐந்து மணி நேரம், ஆறு மணி நேரம், இடைவெளி விடாமல் இழுக்கும். நாக்கு கொஞ்சம் தளர்ந்து, தொடும் இடத்தில் பத்தில் ஒரு ஓம் தடை வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வெப்பம் என்பது கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கியது: 13 × 13 × 0.1, ஏறத்தாழ 17 வாட். டிவி மெக்கானிக் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கு சூட்டை, பிளாஸ்டிக்கால் மூடிய கட்டைவிரல் அளவு இடத்துக்குள் இரவு முழுவதும் வைத்திருந்தால் முதலில் சாக்கெட்டின் முகம் பழுக்கும், பிறகு உருகும். சூடான பித்தளை மேலும் தளரும். தளர்ந்தால் தடை கூடும். தடை கூடினால் இன்னும் சூடு. எம்.சி.பி. இதைத் தடுக்காது, ஏனென்றால் கரண்ட் 13ஐத் தாண்டவே இல்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கார் செருகுவது எவ்வளவு மோசமான யோசனை என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஓசூர் போன்ற ஊரில் இதற்கு ஒரு கைக்கெட்டிய தீர்வு இருக்கிறது, ஷோரூமில் யாரும் சொல்லாத தீர்வு. ஆலைகளில் வெல்டிங் மெஷினுக்கும் கம்ப்ரஸருக்கும் போடும் நீல நிற வட்ட பிளக் எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். இண்டஸ்ட்ரியல் பிளக் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். மணிக்கணக்கில் முழு லோடு தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது அது. 2017இல் இந்தியா வகுத்த பாரத் ஏசி-001 பொதுச் சார்ஜர் இந்த வகை சாக்கெட்டைத்தான் பயன்படுத்தியது. காரின் எடுத்துச்செல்லும் கேபிளுக்கு அந்த முனை கிடைக்குமானால் அதுவே மேல். கிடைக்காவிட்டால் நல்ல தரத்தில் புதிய 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றை, வேறு எதற்கும் பயன்படுத்தாமல், மீட்டர் போர்டிலிருந்து தனி ஒயரில் இழுத்துப் போட வேண்டும். முதல் சில இரவுகள் ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பார்க்க வேண்டும். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்த வேண்டும்.

ஒயரின் தடிமனிலும் இதே வர்க்கக் கணக்குதான். மீட்டர் வீட்டின் முன்பக்கம், கார் நிற்பது பின்பக்கம், நடுவே 25 மீட்டர் என்று வைப்போம். போக வர 50 மீட்டர் செம்பு. 4 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதன் தடை 0.22 ஓம். 16 ஆம்பியர் போனால் ஒயர் முழுவதிலுமாக 56 வாட் சூடு. அதே ஒயரில் 32 ஆம்பியர் விட்டால் இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகி 224 வாட் ஆகும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் 150 வாட்டுக்கு இறங்கும். 10 போட்டால் 90க்கு. சுவருக்குள் குழாயில் புதைத்த ஒயருக்கு அந்தச் சூட்டை வெளியேற்ற வழியில்லை என்பதால் இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. பெரிய பெட்டிக்கு ஆசைப்படுபவர் செலவழிக்க வேண்டிய காசில் ஒரு நல்ல பங்கு செம்புக்குப் போகிறது. கடைசியில் பலர் மிச்சம் பிடிப்பதும் அங்கேதான்.

இனி எர்த். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதுதான் கடினமான பகுதி.

மின்காரின் உடம்பு இரும்பு, நிற்பது ரப்பர் டயரில். உள்ளே எங்காவது இன்சுலேஷன் விட்டுப் போனால் அந்தக் கரண்ட் தரைக்குப் போக எர்த் கம்பி ஒன்றுதான் வழி. அதுவும் இல்லையென்றால், கதவைத் திறக்கத் தரையில் நின்று கை வைப்பவர்தான் வழி. அதனால் எர்த் சரியில்லை என்று தெரிந்தால் பெரும்பாலான பெட்டிகளும் கேபிள்களும் சிவப்பு விளக்கு காட்டி மறுத்துவிடும். புதுக் கார் வாங்கி வீட்டுக்கு வந்த முதல் இரவே 'சார்ஜர் வேலை செய்யவில்லை' என்று எழும் புகார்களில் பல இந்த வகை. சார்ஜர் சரியாகவே இருக்கும். வீடு கட்டிய நாளிலிருந்து எர்த் வேலை செய்யாமலே இருந்திருக்கும். டிவியும் ஃபிரிட்ஜும் அதைக் கேட்கவில்லை, கார் கேட்டுவிட்டது.

கிருஷ்ணகிரி கிரானைட் பூமி. சாலையில் லாரி லாரியாகப் போகும் கற்கள் எந்த மலையிலிருந்து வருகின்றனவோ, அதே பாறையின் தொடர்ச்சி பல வீடுகளுக்கு அடியில் சில அடி ஆழத்தில் கிடக்கிறது. மின்சாரத்தைக் கடத்துவது மண்ணின் ஈரமும் அதில் கரைந்த உப்பும்தான்; கெட்டிப் பாறையில் இரண்டும் இல்லை. கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி இறக்கிய எர்த் பைப் மழைக்காலத்தில் நல்ல அளவைக் காட்டும். ஏப்ரலில் செம்மண் வெடித்துக் காய்ந்தபின் அளந்தால் வேறு எண் வரும். பாறை தட்டினால் ஒரு குழியோடு நிற்காமல், தள்ளித் தள்ளி இரண்டு மூன்று குழி தோண்டி ஒன்றாக இணைப்பதும், செங்குத்தாகப் போக முடியாத இடத்தில் நீளவாக்கில் தகடு புதைப்பதும் பழைய வழிகள். எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் லைசென்ஸ் பெற்ற ஒப்பந்ததாரர் ஒருவரை அழைத்துக் கோடையில் அளக்கச் சொன்னால், உண்மையான எண் தெரியும்.

எர்த் சுமாராக இருந்தாலும் காப்பாற்றுவது எது என்பதில்தான் சுவையான இயற்பியல் இருக்கிறது. எர்த் தடை 20 ஓம் என்று வைப்போம். பேஸ் காரின் உடம்பைத் தொட்டுவிட்டால் தரைக்குப் போகும் கரண்ட் 230 வகுத்தல் 20, அதாவது 11.5 ஆம்பியர். 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு, அசையாது. காரின் உடம்பு 230 வோல்ட்டில் நின்றுகொண்டே இருக்கும். ஆனால் ஆர்.சி.சி.பி. பார்ப்பது வேறு ஒன்றை: போன கரண்ட் முழுதும் திரும்பி வந்ததா? 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். எர்த் 100 ஓமாக இருந்தால்கூட, 3 வோல்ட் உயர்வதற்குள் அதற்குச் செய்தி போய்விடும். கார் சர்க்யூட்டுக்கென்று தனி ஆர்.சி.சி.பி. இல்லாமல் எந்தப் பெட்டியையும் மாட்டக் கூடாது.

அதிலும் ஒரு நுணுக்கம். காருக்குள் மாற்றம் நடப்பதால், பழுதானால் கசிவது நேர்மின்சாரமாகவும் இருக்கலாம். சில மில்லி ஆம்பியர் நேர்மின்சாரம் போதும், சாதாரண ஆர்.சி.சி.பி.யின் இரும்பு வளையம் மரத்துப்போய், பிறகு வரும் ஆபத்தான கசிவையும் உணராமல் போக. கடையில் எடுக்கும்போது முகப்பில் உள்ள சின்னத்தைப் பார்க்க வேண்டும்: ஒரே ஒரு அலைக்கோடு மட்டும் இருந்தால் ஏசி வகை, காருக்கு ஆகாது, அலைக்கோட்டின் கீழ் பாதி அலைகளும் வரைந்திருந்தால் ஏ வகை. பெட்டிக்குள் 6 மில்லி ஆம்பியர் நேர்மின்கசிவு உணரி இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். இருந்தால் ஏ வகை போதும். இல்லையென்றால் விலை கூடிய பி வகை வேண்டும். வைஃபை, செயலி, தொடுதிரை எல்லாவற்றையும்விட இந்த ஒரு வரி மதிப்புள்ளது.

எர்த் இல்லாததால் மறுக்கும் சார்ஜரை ஏமாற்ற சில எலெக்ட்ரீஷியன்கள் ஒரு குறுக்குவழி செய்கிறார்கள். சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலை எர்த் முனையோடு ஒரு துண்டுக் கம்பியால் முடிச்சுப் போடுவது. பச்சை விளக்கு எரியும், கார் சார்ஜ் ஆகும். தெருக் கம்பத்தில் நியூட்ரல் ஒரு நாள் அறுந்தால், வீட்டு விளக்குகள் வழியாகத் திரும்பும் பேஸ் நேராகக் காரின் உடம்பில் வந்து நிற்கும். காற்றும் இடியுமாக மாங்காய் மழை பெய்யும் ஏப்ரல், மே மாதங்களில் கம்பி அறுவது இந்தப் பக்கம் அபூர்வம் இல்லை. அதே இடிக்காக, மீட்டர் போர்டில் ஒரு சர்ஜ் தடுப்பானையும் போட்டுவிடுவது நல்லது; சுவர்ப் பெட்டியைவிட விலை அதிகமான சார்ஜர் காருக்குள் இருக்கிறதே.

மின்கட்டணத்தில் இந்த எல்லைப் பகுதிக்கு ஒரு தனிச் சுவாரஸ்யம். வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே கார் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின் அமைச்சகம் 2022 ஜனவரி வழிகாட்டுதலில் தெளிவாக்கிவிட்டது. ஆனால் ஜுஜுவாடி தமிழ்நாட்டுப் பக்கம், அத்திப்பள்ளி கர்நாடகப் பக்கம். இரண்டு மாநிலங்களும் வீட்டு மின்சாரத்துக்கு விலை போடும் தத்துவமே வேறு.

தமிழ்நாடு யூனிட்டைத் தண்டிக்கிறது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் படிப்படியாக ஏறும். 2024 ஜூலை கட்டணத்தில் 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6.45 ரூபாய், 501 முதல் 600 வரை 8.55, 601 முதல் 800 வரை 9.65, ஆயிரம் வரை 10.70, அதற்கு மேல் 11.80. ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீட்டில், மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் கார் இரண்டு மாதத்தில் இன்னொரு 480 யூனிட் சேர்க்கும். அந்த 480க்கு மட்டும் 4,286 ரூபாய். 500ஐத் தாண்டியதால் போகும் சலுகை அதற்கு மேல். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்தாலும், லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் காருக்கு ஆகும் ஆறு ரூபாய்க்குப் பக்கத்தில் இது ஒன்றுமில்லைதான். இருந்தாலும் பில் வரும் நாளில் யாரும் பெட்ரோலை நினைத்துப் பார்ப்பதில்லை.

கர்நாடகம் கிலோவாட்டைத் தண்டிக்கிறது. 2024 ஏப்ரலில் அங்கே படிகளை எடுத்துவிட்டு, 100 யூனிட்டைத் தாண்டும் வீடுகளுக்கு எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை, 5.90 ரூபாய் என்று ஆக்கினார்கள். கார் எத்தனை யூனிட் குடித்தாலும் விலை ஏறாது. அதற்குப் பதிலாக, அனுமதி பெற்ற லோடில் ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் மாதம் 100 ரூபாய்க்கு மேல் நிலைக்கட்டணம், கார் ஓடினாலும் நின்றாலும். 7.2 கிலோவாட் பெட்டிக்காக லோடை 3லிருந்து 8 ஆக்கினால் மாதம் 500 ரூபாய்க்கு மேல் நிரந்தரமாகக் கூடும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு அந்த நிலைக்கட்டணத்தை 2022 கட்டண மாற்றத்திலேயே எடுத்துவிட்டார்கள். அத்திப்பள்ளிக்காரருக்கு சின்னப் பெட்டி மாதாமாதம் காசு மிச்சம் பிடித்துத் தரும். ஓசூர்க்காரருக்குப் பெட்டியின் அளவு பில்லில் தெரியவே தெரியாது. ஆனால் 200 யூனிட்டுக்குள் இலவசம் தரும் கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டத்தை நம்பியிருந்த அந்தப் பக்கத்து வீடு, கார் வந்த மாதமே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

செயலியோடு இணையும் 'ஸ்மார்ட்' பெட்டிகளுக்கு வாங்கும் கூடுதல் விலைக்குப் பெரும்பாலும் நியாயம் இல்லை. எத்தனை யூனிட் ஏறியது என்பதைக் காரே சொல்கிறது. ஒன்று மட்டும் பயனுள்ளது: தாமதமாகத் தொடங்கும் வசதி. அதன் தேவை தெருவில் இருக்கிறது. கம்பத்தில் நிற்கும் 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் கீழ் 14 வீடுகளில் 7.2 கிலோவாட் பெட்டிகள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கினால், விளக்கு ஒன்றுகூட எரியாமலே அது நிறைந்துவிடும். பிரிட்டனில் 2022 ஜூன் 30 முதல் விற்கப்படும் வீட்டுப் பெட்டிகள், நெரிசல் நேரத்தைத் தவிர்க்கும் அமைப்போடுதான் வர வேண்டும்; அதோடு, எல்லாப் பெட்டிகளும் ஒரே நொடியில் கிளம்பாதபடி ஒவ்வொன்றும் தன் போக்கில் பத்து நிமிடம் வரை தாமதிக்கவும் வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து திரும்பும் கார்கள் எல்லாம் இரவு எட்டு மணிக்கு ஓசூர்க் குடியிருப்புகளுக்குள் வந்து, ஏசியும் கீசரும் டிவியும் ஓடும் அதே நேரத்தில் செருகப்படுகின்றன. பதினொரு மணிக்கு மேல் தொடங்கும்படி வைத்தால் வோல்டேஜும் நன்றாக இருக்கும், டிரான்ஸ்ஃபார்மரும் பிழைக்கும்.

ஷிப்ட்டு வேலைக்காரர்களுக்கு அந்தச் சட்டம் தேவையில்லை. மூன்று ஷிப்ட்டாக ஓடும் ஆலைகள் அவர்கள் வீடு திரும்பும் நேரத்தை ஏற்கெனவே பிரித்துவைத்திருக்கின்றன. அதிலும் இரவு ஷிப்ட்டு முடித்துக் காலையில் வருபவருக்கு, எலெக்ட்ரானிக் சிட்டிக்காரருக்குக் கிடைக்காத ஒரு வசதி உண்டு: வெயில் அடிக்கும் நேரத்தில் அவருடைய கார் வீட்டில் நிற்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் சூரியத்தகடுகளுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நல்ல வெயில் நாளில் அவை 12 யூனிட் தரும், ஆனால் உச்சி வெயிலில்கூட முழு 3 கிலோவாட்டைத் தொடுவது குறைவு. அவர் பெட்டியை 32 ஆம்பியரில் வைத்தால் கூரை தருவது போக மீதியைக் கார் தெருவிலிருந்து இழுக்கும். 10 ஆம்பியருக்கு இறக்கி, காலை பத்தரைக்குத் தொடங்கும்படி அமைத்தால் 2.3 கிலோவாட் என்ற அளவில், பெரும்பகுதி கூரைக்குள்ளேயே அடங்கிவிடும். மாலை மூன்று மணிக்கு அவர் தூங்கி எழும்போது அறுபது கிலோமீட்டர் ஏறியிருக்கும்.